விசேஷ உபாத்தியாயர்களின் கதி

2025-ம் வருஷம் மார்ச்சு மாதம் 7-ந் தேதியன்று ஸுப்ரீம் கோர்ட்டார் பிறப்பித்த ஓர் உத்தரவைப் பற்றி நம் ஜனங்கள் அதிகம் பேசவில்லை. கட்சிச் சண்டைகளுக்குக் கிடைக்கும் காது இத்தகைய விஷயங்களுக்குக் கிடைப்பதில்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பாடஞ் சொல்லும் விசேஷ உபாத்தியாயர்கள் எத்தனை பேர் வேண்டுமென்று ஒவ்வொரு ராஜ்ய சர்க்காரும் கணக்கிட்டு, அத்தனை நிரந்தர ஸ்தானங்களையும் அம்மாதத்திற்குள்ளேயே அறிவிக்க வேண்டுமென்பது அவ்வுத்தரவு. இதே கோர்ட்டார் 2021-ம் வருஷம் அக்டோபரிலேயே இவ்விஷயத்தில் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. மூன்று வருஷங்களுக்கு மேல் கழித்துப் பார்க்கையில், சில ராஜ்யங்கள் எத்தனை ஸ்தானங்கள் வேண்டுமென்பதைக்கூட நிர்ணயம் செய்திருக்கவில்லை. சொன்னதையே மறுபடியும் சொல்லும்படி உச்ச நியாயஸ்தலத்தை வைத்தது நம் சர்க்கார்களுக்குப் பெருமை தருவதன்று.

இவ்விஷயத்திற்கும் சர்வகலாசாலைகளுக்கும் உள்ள சம்பந்தத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். விசேஷக் கல்வி என்பது இரக்கமுள்ளவர் எவரும் செய்துவிடக் கூடிய தர்ம கைங்கரியம் அன்று. அது ஒரு சாஸ்திரம். இதற்கான பி.எட். படிப்பை எடுத்துக்கொள்ளும் மாணவர் பார்வையின்மை, செவிப்புலன் குறைவு, அறிவு வளர்ச்சிக் குறைவு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு முதலிய துறைகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு பயிற்சி பெறுகிறார். பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்புகிறவர், ஆறு புள்ளிகளால் ஆன பிரெயில் எழுத்தைத் தம் விரலால் முதலில் பழக வேண்டும். வெள்ளைக் கோலைப் பிடித்துத் தனியே நடக்கப் பழக்கும் முறையையும் அறிய வேண்டும். காது கேளாத பிள்ளையின் உபாத்தியாயர் சைகை மொழியோடு, காது எவ்வளவு கேட்கிறதென்று காட்டும் அளவுப் படத்தைப் படித்தறியவும் வேண்டும்.

அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைக்குச் சட்டை போட்டுக்கொள்ளக் கற்பிப்பதைப் பாருங்கள். நமக்கு அது ஒரு வேலை. பயிற்சி பெற்ற உபாத்தியாயருக்கோ அது பல வேலைகள். சட்டையை விரிப்பது, ஒரு கையை நுழைப்பது, மற்றொரு கையை நுழைப்பது, இரு ஓரங்களையும் சேர்ப்பது, பொத்தானைத் துளையின் அருகே கொண்டுவருவது, தள்ளுவது, இழுப்பது என்று அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழந்தை எந்தப் படியில் தடுமாறுகிறதென்று குறித்துக்கொண்டு, அந்த ஒரு படியையே வாரக்கணக்கில் பழக்குவார். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் எழுதிவைப்பார். எழுத்துக்களை மாற்றி மாற்றி எழுதும் பிள்ளையைச் 'சோம்பேறி' என்று பிரம்பால் அடித்துத் துரத்திய பாடசாலைகள் நம் நாட்டில் எத்தனை! அது சோம்பலன்று, கற்றல் குறைபாடு என்று கண்டுபிடிக்கும் கண்ணைக் கொடுப்பதுதான் இந்தப் படிப்பு.

இப்படிப்புக்குப் பாடத் திட்டம் வகுத்து மேற்பார்வை செய்வது, 1992-ம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட இந்திய மறுவாழ்வுக் கவுன்ஸில். அதன் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இத்தொழிலைச் செய்தால் ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பதிவேட்டில் இல்லாதவர் கற்பிப்பது குற்றம்; பதிவேட்டில் உள்ளவருக்கோ உத்தியோகம் இல்லை! இந்த விசித்திரத்தை என்னவென்று சொல்வது?

2016-ம் வருஷச் சட்டம், கணிசமான குறைபாடுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக விரித்தது. ஆரம்ப வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று மத்திய சர்க்கார் 2022-ல் விகிதமும் அறிவித்தனர். 2011-ம் வருஷ ஜனகணிதப்படி தேசத்தில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கும் பழைய ஏழெட்டு வகைகளை வைத்து எடுத்ததே. இன்றைய பட்டியலை வைத்து எண்ணினால் தொகை உயரும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் காரியத்தில் நடப்பதென்ன? நம் ராஜ்யத்தில் விசேஷ உபாத்தியாயர்களிற் பலர் ஸமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ்த் தொகுப்பூதியத்தில், பல பாடசாலைகளுக்கு ஒருவராக, ஊர் ஊராகச் சுற்றி வந்திருக்கிறார்கள். இன்று ஒரு கிராமம், நாளை மற்றொரு கிராமம். பொத்தானின் ஒரு படியை வாரக்கணக்கில் பழக்க வேண்டிய குழந்தைக்கு அடுத்தடுத்த நாள் அதே உபாத்தியாயர் கிடைப்பதில்லை. அவருடைய சம்பளமோ திட்டப் பணத்தை நம்பியது. 2024-25-ல் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய அத்திட்டப் பணத்தை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தார்களே, அப்பொழுது சர்க்கார்கள் இரண்டும் அறிக்கைகளால் மோதிக்கொண்டன. குழந்தைகளின் கட்சியைப் பேசுவாரைத் தேடவேண்டியிருந்தது.

"இருக்கும் உபாத்தியாயர்களுக்கே சில நாள் பயிற்சி கொடுத்தால் போதாதா? பொக்கிஷம் தாங்குமா?" என்று சிலர் கேட்கின்றனர். பொக்கிஷத்தின் நிலைமை நமக்கும் தெரியும். சாதாரண உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி வேண்டுமென்பதையும் நாம் ஒப்புக்கொள்கிறோம். விசேஷ உபாத்தியாயர் ஒருவர் எல்லா வகுப்புகளிலும் உட்கார்ந்திருக்க முடியாது. எனினும் சில நாள் வகுப்பில் பிரெயில் வந்துவிடுமா? வைத்தியர் வேண்டிய இடத்தில் முதலுதவி கற்றவரை நியமித்துச் செலவைக் குறைப்போம் என்று எந்த மந்திரியாவது சொல்லத் துணிவாரா?

19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் மிஸ் ஆஸ்க்வித் பார்வையற்றோருக்கும், மிஸ் ஸ்வைன்ஸன் காது கேளாதோருக்கும் பாடசாலை தொடங்கினார்கள். கடல் கடந்து வந்த பெண்மணிகள் நன்கொடை திரட்டி நடத்திய காரியம் அது. அந்நிய ராஜாங்கத்தார் இதைத் தங்கள் கடமையாகக் கருதவில்லையென்று நாம் குறை கூறினோம். குறை கூறியது நியாயமே. சுதந்தரம் வந்து எழுபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகும் இக்கல்வியில் பெரும் பகுதி தர்ம ஸ்தாபனங்களின் தோளிலேயே இருக்கிறதென்றால், அதே குறையை யார் மேல் கூறுவது?

வாலிபர் ஒருவர் இரண்டு வருஷம் பணமும் உழைப்பும் செலவிட்டு இப்படிப்பை முடிக்கிறார். கூடப் படித்தவர் கணக்கு உபாத்தியாயராகி நிரந்தர உத்தியோகமும் உயர்வும் பெறுகிறார். இவரோ வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கிறார். இதைப் பார்க்கும் தம்பி தங்கைகள் இப்படிப்பில் சேருவார்களா? சேர ஆளில்லையென்றால் சர்வகலாசாலை வகுப்பை மூடும். வகுப்பை மூடினபின், "தகுதியுள்ளவர்கள் கிடைக்கவில்லை" என்று சர்க்கார் கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வார்கள்.

நீண்ட காலம் ஒப்பந்தத்தில் உழைத்த தகுதியுள்ளவர்களைப் பரிசீலித்து நிரந்தரமாக்கக் கமிட்டி அமைக்க வேண்டுமென்றும் கோர்ட்டார் அவ்வுத்தரவில் கூறியிருக்கின்றனர். அக்கமிட்டி எத்தனை தடவை கூடியது, எத்தனை பேரை நிரந்தரமாக்கியது, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை ஸ்தானங்கள் காலி என்ற மூன்று கேள்விகளையும் சட்டசபை அங்கத்தினர்கள், எக்கட்சியினராயினும், அடுத்த கூட்டத்திலேயே கேட்க வேண்டும். பதில் வரும்வரை விடாமல் கேட்கும்படி அவரவர் தொகுதிப் பிரதிநிதியை வற்புறுத்துவது நேயர்களின் பொறுப்பு.