கேஸ் மாறிவிட்டது, சான்றிதழ் மாறவில்லை

இது கொஞ்சம் நீளமான பதிவு. முப்பது வருடம் உங்களை நாற்பத்தைந்து நிமிடம் பெஞ்சில் உட்காரவைத்த உரிமையில் கேட்கிறேன், கடைசிவரை படியுங்கள்.

பங்குனி பிறந்துவிட்டால் கப்பலூர், திருமங்கலம் பக்கம் கலெக்டரைக்கூடப் பார்த்துவிடலாம், ஏசி மெக்கானிக்கைப் பார்க்க முடியாது. "நாளைக்குக் காலையில வந்துர்றேம்மா" என்பார். எந்த நாளை என்பது அவருக்கே தெரியாது. ஒருவழியாக அவர் வந்து ஏணியை விரித்ததும் நாம் கேட்கிற ஒரே கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். "இந்த வேலையைச் செய்ய உங்களிடம் உரிமம் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டாலும் காட்ட அவரிடம் ஒன்றும் இருக்காது. அது அவர் குற்றமில்லை. ஏசியைத் திறந்து கேஸ் ஏற்றி இறக்குவதற்கென்று கட்டாயமான ஓர் உரிமம் நம் நாட்டில் கிடையாது. இல்லாத உரிமத்தை எங்கே போய்ப் புதுப்பிப்பது? அது இருக்க வேண்டும், இருந்தால் புதுப்பிக்கவும் வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நம் சிட்கோ தொழிற்பேட்டையில் கடை வைத்திருக்கிறான், என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படித்த பையன் ஒருவன். (பையன் என்கிறேன், அவன் மகளுக்கே வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.) கம்பெனிகளுக்கு வயரிங் வேலையும் ஏசி மாட்டுகிற வேலையும் சேர்த்து எடுத்துச் செய்கிறான். போன மாதம் தன் மின் ஒப்பந்ததாரர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய தாள்களோடு வந்தான், அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி. அந்த உரிமத்தைக் கொடுப்பது சென்னை கிண்டியில் இருக்கிற மின் உரிம வாரியம்.

மின்சார வேலைக்கு இந்த உரிமம் ஏன் என்றால், மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் அப்படிச் சொல்கின்றன. கடைசியாக 2023இல் அவற்றைப் புதிதாக வெளியிட்டார்கள். ஒரு கட்டடத்தில் மின் வேலை நடந்தால் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் எடுத்துச் செய்ய வேண்டும், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்க்க வேண்டும், கம்பியைத் தொடுகிறவரிடமும் அனுமதி இருக்க வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்சு, 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாமான் இவற்றை அப்படியே மாற்றி வைப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு, மின்னமைப்பின் திறனோ தன்மையோ மாறாத வரைக்கும். அதாவது, பழைய ஏசியைக் கழற்றி அதே அளவில் இன்னொன்றை வைத்தால் விலக்கு. மாடி அறைக்குப் புதிதாக லைன் இழுத்து, தனி எம்சிபி போட்டு, ஒன்றரை டன் ஏசி மாட்டினால் உரிமம் உள்ளவர் வேலை. நம் வீடுகளில் எத்தனை பேர் இதைப் பார்த்தோம் என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

அவன் தாள்களில் எல்லாம் இருந்தது. கட்டண ரசீது, மேற்பார்வையாளர் சான்று, கம்பியாள் சான்று, மெக்கர் முதலான சோதனைக் கருவிகளின் விவரம். ஒரே ஒரு கேள்விதான் எங்கேயும் இல்லை: போன தடவை புதுப்பித்ததற்குப் பிறகு புதிதாக என்ன கற்றுக்கொண்டாய்? அதை அவனிடமே கேட்டேன். சிரித்தான். "கரண்ட் பக்கமாச்சும் இந்தப் பேப்பர் இருக்கு சார். கேஸ் பக்கம் ஒண்ணுமே கெடையாது. எங்கிட்ட வேல பாக்குற பயலுக எல்லாம் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டவங்கதான்" என்றான்.

இனி கொஞ்சம் வேதியியல். தப்ப முடியாது.

1995 வாக்கில் ஐடிஐயில் 'கம்மியர் குளிர்பதனம்' படித்து வெளியே வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கற்றது இரண்டு வாயு. ஃபிரிட்ஜுக்கு ஆர்-12, ஏசிக்கு ஆர்-22. இரண்டும் தீப்பிடிக்காது. ஆனால் இரண்டிலும் குளோரின் உண்டு, அது ஓசோனைத் தின்னும். அதனால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலகமே அவற்றைக் கைவிடத் தொடங்கியது. ஆர்-12 நம் நாட்டில் 2010 தொடக்கத்தோடு முடிந்துபோனது. ஆர்-22 போட்டுப் புதிய ஏசி செய்வதும் 2025 ஜனவரி முதல் நின்றுவிட்டது. பழைய ஏசிகளைப் பழுது பார்க்க மட்டும் இன்னும் சில காலம் கிடைக்கும்.

நடுவில் ஆர்-410ஏ வந்தது. தீப்பிடிக்காது, ஆனால் ஆர்-22ஐப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு அழுத்தத்தில் வேலை செய்கிறது. பழைய கேஜும் பழைய ஹோஸும் அதற்குத் தாங்காது. அதன் பின்னால் ஆர்-32. இன்று கடையில் நீங்கள் வாங்குகிற ஏசியில் பெரும்பாலும் இதுதான். இது லேசாகத் தீப்பிடிக்கும். இன்னொன்று ஆர்-290. பெயர்தான் புதிது, ஆள் பழையவர்: புரொப்பேன். நம் அடுப்படி சிலிண்டரில் பியூட்டேனோடு சேர்ந்து இருக்கிறதே, அதே புரொப்பேன். அது எப்படிப் பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, ஓர் ஆளின் ஒரே வாழ்நாள் உழைப்புக்குள் வாயு அடியோடு மாறிவிட்டது. தீப்பிடிக்காததைக் கையாளப் பழகிய கை, இன்று தீப்பிடிப்பதைக் கையாள்கிறது. அவர் சுவரில் மாட்டியிருக்கிற ஐடிஐ சான்றிதழ் மட்டும் அப்படியே இருக்கிறது, ஆயுளுக்கும் செல்லும்.

பழைய பழக்கங்கள் இருக்கின்றன பாருங்கள், அங்கேதான் எனக்குப் பயம். மாட்டி முடித்ததும் குழாயில் இருக்கிற காற்றை எடுக்க வேக்குவம் பம்ப் போட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். நேரமில்லாத ஆள் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு அதன் வேகத்தில் காற்றைத் தள்ளிவிடுவார். ஆர்-22 காலத்தில் அதனால் ஓசோனுக்குத்தான் கேடு. இன்று சன்னல் சாத்திய அறையில் ஆர்-290ஐ அப்படித் திறந்துவிட்டு, பக்கத்தில் பைப்புக்குப் பற்றவைக்க டார்ச்சை ஏற்றினால்? இன்னொன்று, லீக் பார்ப்பது. குழாயில் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியில் நைட்ரஜன் இல்லை, வெல்டிங்குக்கு வைத்திருக்கிற ஆக்சிஜன் இருக்கிறது, அதையே ஏற்றிவிடலாம் என்று ஒருவர் நினைத்தால் முடிந்தது கதை. கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் வெடிக்கும். வகுப்பில் நான் ஆக்சிஜன் தானாக எரியாது, எரிவதற்குத் துணைபோகும் என்று பத்துத் தடவை சொன்னது மதிப்பெண்ணுக்காக மட்டும் இல்லை.

இதில் முதலில் அடிபடுவது ஏணியில் நிற்கிற அந்த ஆள். வீட்டுக்காரர் இரண்டாவது.

சூடாக்குகிற பக்கம் நம் நாடு எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்று பாருங்கள். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி நீராவி பாய்லர் வைத்தால், அதற்கு ஆய்வு செய்து தருகிற சான்று அதிகபட்சம் பன்னிரண்டு மாதம்தான். பிறகு மறுபடி ஆய்வு. பாய்லரைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கும் தகுதிச் சான்று வேண்டும். 1923லேயே அதற்குச் சட்டம் போட்டார்கள், அதற்குப் பதிலாக 2025இல் நாடாளுமன்றம் புதிய சட்டமும் நிறைவேற்றியது. நம் டோல்கேட்டைத் தாண்டிப் போகிற எரிவாயு டேங்கர் லாரியை ஓட்டுகிறவருக்கு? (டோல்கேட்டைப் பற்றி எழுதினால் தனிப் பதிவு ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.) ஆபத்தான சரக்கு ஏற்றுகிற ஓட்டுநர் உரிமம் முன்பெல்லாம் ஓராண்டுக்குத்தான் செல்லும், ஒரு நாள் மறுபயிற்சிக்குப் போனால்தான் புதுப்பிப்பார்கள். 2019 திருத்தத்தில்தான் அதை மூன்றாண்டாக்கினார்கள். டேங்கரில் போகிற வாயுவுக்கு இவ்வளவு. அதன் உறவுக்கார வாயுவை நம் படுக்கையறைச் சுவரில் மாட்டித் தருகிறவருக்கு ஒன்றுமே இல்லை.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் கேட்பீர்கள், அங்கெல்லாம் எப்படி என்று நமக்குத் தெரியுமே சார் என்று. சொல்கிறேன். அமெரிக்காவில் குளிர்பதன வாயுவைக் கையாள மத்திய அரசின் சான்று வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அது காலாவதியே ஆகாது. ஆனால் டெக்சாஸ் போன்ற மாநிலம் ஏசி ஒப்பந்ததாரருக்குத் தனி உரிமம் வைத்து, வருடா வருடம் புதுப்பிக்கச் சொல்கிறது. புதுப்பிக்க எட்டு மணி நேரம் பாடம் கேட்டிருக்க வேண்டும், அதில் ஒரு மணி நேரம் சட்டமும் விதிகளும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த விதியில், சான்று பெற்றவர்கள் ஏழாண்டுக்கு ஒருமுறையாவது மறுபயிற்சி பெற வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்த எட்டு மணி நேரம்தான். ஒரு நாள் கூலி. அதற்குமேல் கேட்டால் உழைப்பவன் வரமாட்டான்.

நம் அரசும் சும்மா இருக்கவில்லை. 2019 மார்ச்சில் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் 2022-23க்குள் ஒரு லட்சம் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சியும் சான்றும் தருவது என்று இலக்கு வைத்தது. நல்ல இலக்கு. ஆனால் விருப்பமுள்ளவர் போகலாம், போகாதவரும் அதே வேலையை அதே கூலிக்குச் செய்யலாம் என்றிருக்கும்வரை, போனவருக்கு அன்றைய கூலி நட்டம் என்பதுதான் நிலை.

இதை நாலு பேரிடம் பேசியபோது ஒருவர் கோபப்பட்டார். "இன்னொரு லைசென்ஸ், இன்னொரு ஆபீஸ், இன்னொரு கவர். இருக்கிறது போதாதா?" என்றார். அந்தக் கோபத்தை நான் ஒதுக்க மாட்டேன். இருக்கிற உரிமங்களிலேயே சான்று மட்டும் ஓரிடத்தில் வேலை பார்க்க, ஆள் வேறெங்கோ இருப்பதாக நானும் கேள்விப்படுகிறேன். தாளைப் புதுப்பிக்கிற உரிமம் என்றால் எனக்கும் வேண்டாம். பெரிய கம்பெனிக்காரர் ஒரு கிளார்க்கை வைத்துப் புதுப்பித்துக்கொள்வார், சைக்கிளில் டூல்ஸ் பையோடு தொடங்கி இன்று டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து நிற்கிற நம் பையன்தான் மாட்டிக்கொள்வான்.

ஆனால் இதற்கு நம்மிடமே ஒரு வழி இருந்தது. 2018இல் பதினோராம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தபோது ஆசிரியர்களை அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பணியிடைப் பயிற்சி என்றால் உங்களுக்கு ஞாபகம் வருவது அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்த சப்ஸ்டிட்யூட் பீரியடுதான், எனக்கு ஞாபகம் வருவது மதியச் சாப்பாட்டுக்குப் பின் பின்வரிசையில் கேட்ட குறட்டை. இருந்தாலும் குறட்டை விடாதவர்கள் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் வந்தோம். அதற்கு எங்களிடம் காசு வாங்கவில்லை, பணியில் இருந்ததாகவே கணக்கு. 'பாடநூல் மாறினால் வாத்தியாருக்கு வகுப்பு, கேஸ் மாறினால் மெக்கானிக்குக்கு மட்டும் வகுப்பு வேண்டாமா?' இதுதான் என் கேள்வி.

நான் கேட்பது இவ்வளவுதான். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு நாள். சென்னையில் வேண்டாம், மதுரை புதூர் அரசு ஐடிஐ போல அருகில் இருக்கிற இடத்தில், வேலை ஓய்ந்த ஐப்பசி கார்த்திகையில். தாளில் எழுதச் சொல்ல வேண்டாம், கையால் செய்துகாட்டச் சொல்லுங்கள்: வேக்குவம் எடுப்பது, நைட்ரஜனில் லீக் பார்ப்பது, எர்த் சரியா என்று அளப்பது. அன்றைய கூலியை அரசும், ஆர்-32 ஏசி விற்று லாபம் பார்க்கிற கம்பெனிகளும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். பள்ளிப் படிப்பு இல்லாமல் வேலையில் கற்றவருக்கும் அந்த வாசல் திறந்திருக்க வேண்டும். அவர்களில் சிலர் ஐடிஐ முடித்தவரைவிடக் கெட்டிக்காரர்கள். முடிவில் ஓர் அட்டை, அதில் காலாவதித் தேதி. வீட்டுக்காரர் கேட்டால் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டலாம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையில் இருக்கிற என் மாணவர்கள் இரண்டு பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். எங்கே, யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லுங்கள், கையெழுத்துக்கு நான் ஆள் சேர்க்கிறேன்.

அதுவரைக்கும் மற்றவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். மொட்டைமாடியில் இருக்கிற அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கை அழைக்கும்போதே அதைச் சொல்லி, வேக்குவம் பம்பும் நைட்ரஜனும் கொண்டுவருவாரா என்று கேளுங்கள். கொண்டுவருகிறவர் நூறு இருநூறு கூடக் கேட்டால் பேரம் பேசாதீர்கள். கேஸ் வேலை நடக்கும்போது சன்னலைத் திறந்துவையுங்கள், சாமி விளக்கை ஒரு மணி நேரம் கழித்து ஏற்றிக்கொள்ளலாம். வந்தவர் உங்கள் வயதில் இருக்கிற நம் பள்ளிப் பிள்ளையாக இருந்தால், என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் பாடத்தை இன்னொரு தடவை நடத்துகிறேன், காசு வேண்டாம்.