பத்தாம் வகுப்பிலேயே முடிவாகிவிடும் கல்லூரி இடம்



எந்தப் படிப்பைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துக் கல்லூரியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு மாறுமா? எங்கள் அந்தமானில் இதைப் பிளஸ் டூ முடித்தபின் கேட்பது மிகத் தாமதம்; பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் பாடப்பிரிவே பல வழிகளைத் திறக்கிறது அல்லது அடைக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் சேர்ந்த பிறகுகூட முதன்மைப் பாடத்தை முடிவு செய்யலாம். நம் நாட்டில் பெரும்பாலும் இடமே படிப்போடு சேர்த்துத்தான் தரப்படுகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் நுழைவுத் தேர்விலும் எந்தப் பாடங்களை எழுத வேண்டும் என்பது படிப்புக்குப் படிப்பு வேறுபடுகிறது.

என் மகள் பதினொன்றாம் வகுப்பில், தோழிகள் எடுத்தார்கள் என்று உயிரியலை விட்டுக் கணினி அறிவியல் எடுத்தாள். பிறகுதான் மருத்துவராகும் ஆசை வந்தது. 2015இல் தொடங்கிய தீவின் மருத்துவக் கல்லூரி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் உயிரியல் படிக்காததால் நீட் எழுதவே தகுதியில்லை என்று நம்பி, வீடே நொந்துபோனது. உண்மையில், பிளஸ் டூவுக்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரிலேயே அறிவித்திருந்தது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்கு ஓராண்டு போயிற்று.

தீவின் தலைநகரில் இருக்கும் எங்களுக்கே இப்படி. தொலைவில் உள்ள திக்லிப்பூரிலும் காம்ப்பெல் பேயிலும் படிக்கும் பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்? சென்னைக்குப் போய் விசாரிக்கலாம் என்றால் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். தீவின் எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும், பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு முன்பே, எந்தப் பாடப்பிரிவு எந்தப் படிப்புக்கு வழிவிடும் என்பதைப் பெற்றோரையும் அழைத்துத் தமிழ், வங்காளம், இந்தி மொழிகளில் விளக்க வேண்டும். கல்வித்துறை இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டுகிறேன்.

ஒரு மாணவியின் தந்தை,
ஸ்ரீ விஜயபுரம் (போர்ட் பிளேயர்)