கீறல்தானே என்று விட்டுவிடலாமா?

மீனவர்களுக்குப் படகு வழங்கும் வைபவங்கள் பற்றி என் பத்திரிகை வாழ்க்கையில் எத்தனையோ செய்திகள் எழுதியிருக்கின்றேன். நாடா வெட்டப்படும், மாலைகள் விழும், மறுநாள் புகைப்படம் வெளியாகும். அந்தப் படகின் அடியில் முதலாவது கீறல் விழும்போது என்ன செய்வது என்று எந்த மேடையிலும் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கீறல் விழாமல் இருக்கப் போவதில்லை. வடமராட்சிக் கரையின் பல இடங்களில் மணலைவிடக் கல்லே அதிகம். நாளாந்தம் இழுத்தேற்றப்படும் பைபர் வள்ளத்தின் அடிப்பகுதி அங்கே உராய்ந்தே தீரும். அந்த வள்ளத்தின் வெளித்தோல் ஜெல்கோட் எனப்படும் ஒரு பூச்சு. அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். அதற்குக் கீழே ரெசினில் தோய்ந்த கண்ணாடி இழைகள் உள்ளன. கீறல் தோலைக் கடந்து இழையைத் தொட்டுவிட்டால் நீர் உள்ளே ஊறத் தொடங்கும். நாளடைவில் அடுக்குகள் பிரியும், வள்ளம் கனக்கும். கனத்த வள்ளம் கூடுதல் மண்ணெண்ணெய் குடிக்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டதை நினைத்துப் பாருங்கள். கீறல் என்பது அழகு சம்பந்தப்பட்ட விடயமன்று. அடுப்பெரிவது சம்பந்தப்பட்ட விடயம்.

நம் கரைகளில் வழமையாக நடப்பது, கீறலின் மேல் ஒரு பூச்சுப் பெயின்ற் அடித்துவிடுவது. அது காயத்தைக் கழுவாமல் துணியால் மூடுவது போன்றது. முதலில் நன்னீரால் உப்பைக் கழுவி, எண்ணெய்ப் பசையை நீக்கி, முற்றாக உலர விடவேண்டும். பசையை நீக்காமல் அரத்தாளால் தேய்த்தால் அது கீறலுக்குள்ளேயே அழுந்திவிடும். பிறகு கீறலை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடக்காவிட்டால் தேய்த்து மெருகிட்டாலே போதும். தடக்கினால் விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்து ஜெல்கோட் நிரப்பவேண்டும். இழை தெரிந்தால் சேதமான பகுதியை அகற்றி, புதிய இழைப்பாயை ரெசினுடன் படிய வைத்த பின்னரே மேற்பூச்சு.

ரெசினை இறுகவைக்கும் திரவம் பொதுவாக நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான். குறைந்தால் இறுகாது, கூடினால் வெடிக்கும் தன்மையுடன் உடையும். நம் வெயிலில் கலவை விரைவில் கட்டியாகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்கவேண்டும். மெழுகு சேராத ஜெல்கோட்டின் மேற்பரப்பு காற்றுப் படும்போது பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடினால் நன்றாக இறுகும்.

தேய்ப்பவரின் உடல்நலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாயை ஒரு சால்வைத் துண்டால் கட்டிக்கொண்டு கண்ணாடித் தூசுக்குள் நிற்பது பாதுகாப்பாகாது. முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் தேவை. இறுகவைக்கும் திரவம் கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகலாம். தூசைக் கடலில் கழுவி விடுவதும் தவறு. இங்கிலாந்தின் சிச்செஸ்டர் துறைமுகச் சிப்பிகளிலும் மட்டிகளிலும் கண்ணாடி இழைத் துகள்கள் இருந்ததாக 2024 இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது. நாம் கடலில் கரைப்பது நம் தட்டுக்கே திரும்பி வரும்.

2004 சுனாமிக்குப் பின்னர் நம் கரைகளுக்குப் படகுகள் வந்து குவிந்தன. அவற்றுட் பல தரம் குறைந்தவை என்ற முறைப்பாடும் உடனேயே எழுந்தது. எண்ணிக்கை காட்டுவது இலகு. பராமரிப்புக்கு நாடா வெட்ட முடியாது. எனவேதான் அது எவருடைய திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

கேட்பது பெரிய காரியமன்று. ஒவ்வோர் இறங்குதுறையிலும் ஒரு கூரை, ஒரு நன்னீர்க் குழாய். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் மொத்தமாக வாங்கி, தேவைப்படும் அளவுக்குப் பிரித்து விற்கும் ரெசின். அனுபவமுள்ள படகு கட்டுநர் ஒருவர் நடத்தும் ஒருநாள் பயிற்சி. ஒரு புதிய வள்ளத்தின் விலையோடு ஒப்பிட்டால் இவை சில்லறைச் செலவுகள். அடுத்த வைபவத்தில் படகோடு இவற்றையும் கையளியுங்கள். புகைப்படம் எடுப்பதற்கு நாங்கள் அப்போதும் வருவோம்.