'டக்' சத்தம் மட்டும் வருகிறதா?

கேள்வி: டிராக்டர் சாவியைத் திருகினால் 'டக்' என்கிறது, இன்ஜின் சுற்றவில்லை. புது பேட்டரி வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகுங்கள். வெளிச்சம் மங்கினால், பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் குறைவு. அல்லது முனைகளில் உப்புப் பூத்திருக்கும். முனைகளை முதலில் பாருங்கள், செலவில்லாத வேலை. மைனஸ் வயரை முதலில் கழற்றி, செல்லுக்குள் இறங்காமல் ஆப்ப சோடா கரைசலால் துலக்கித் துடைத்து, இறுக்கி மாட்டுங்கள், மைனஸ் கடைசியில். பிறகும் கிளம்பாவிட்டால் மீட்டர் வைத்துப் பாருங்கள். முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். வெளிச்சம் மங்கவே இல்லையென்றால் ஸ்டார்ட்டரை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

கீழே நின்று ஸ்க்ரூ டிரைவரால் ஸ்டார்ட்டர் முனைகளைத் தொட்டுக் கிளப்பும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். வண்டி கியரில் இருந்தால் கிளம்பிய கணமே பின்சக்கரம் ஆள்மேல் ஏறிவிடும். பாதுகாப்பு சுவிட்ச் இருந்தாலும் இந்த முறையில் தடுக்காது.