மத்லப் ஊர்ப் பதிவேடு



சிறு பிள்ளையின் ஜனாஸா ஒரு வீட்டிலிருந்து புறப்படும்போது, கூடியிருப்போர் பெற்றோருக்குச் சொல்லும் ஆறுதல் ஒன்றே. அல்லாஹ் கொடுத்தான், அவனே எடுத்துக்கொண்டான். இது ஈமானின் சொல். இதற்கு மேல் ஓர் ஆறுதல் இல்லை. ஆயினும், அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஒரே தெருவில், ஒரே குளத்து நீரைக் குடித்து வளர்ந்த பத்துப் பிள்ளைகளில் இந்தப் பிள்ளை மட்டும் ஏன் போயிற்று?

இப்படிக் கேட்பது விதியை மறுப்பதாகாது. கொள்ளைநோய் பரவியிருந்த ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தோழர்களுடன் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டது. அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் அவர்கள் விடை பகர்ந்தார்கள்.

அந்தக் கேள்வியைத் தலைமுறைகளாக விடாமல் கேட்டுவரும் பகுதி ஒன்று வங்காளதேசத்தில் உண்டு. டாக்காவுக்குத் தென்கிழக்கே, ஆறுகளும் குளங்களும் நிறைந்த சாந்த்பூர் மாவட்டத்தில் உள்ள மத்லப் அது. மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். உழவர்களும் மீன் பிடிப்போரும் மிகுதி. காலரா ஆராய்ச்சிக்காக 1963-இல் அங்கு ஒரு நிலையம் அமைந்தது. 1966 முதல் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு அனைத்தையும் பதிந்து வருகிறார்கள். ஏழை நாடுகளில் பிள்ளை பிறந்ததற்கே பதிவு இல்லாத வீடுகள் ஏராளம் இருந்த காலத்தில் தொடங்கிய பணி இது. எந்தப் பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிய முடியும் என்று உலகுக்குக் காட்டியதில் அந்தப் பதிவேட்டுக்குப் பெரும் பங்குண்டு.

அதில் நம்மைத் தலைகுனிய வைக்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1970-களின் நடுப்பகுதியில், ஒன்று முதல் நான்கு வயது வரையிலான பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிட மிக அதிகமாக இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் தேடினார்கள். வயிற்றுப்போக்கு இருபாலாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட விகிதம் பையன்களிடத்தில் 66 சதவீதம் கூடுதலாக இருந்தது. சிகிச்சைக்குக் காசு இல்லை. நோயாளியை ஏற்றிவரவும் காசு இல்லை. ஆகவே வறுமை மட்டுமே காரணம் என்று சொல்ல வழியில்லை. வீடுகளில் உண்ணும் உணவையும் எடை போட்டுப் பார்த்தார்கள். அங்கும் பையனின் தட்டிலேயே சோறும் மீனும் அதிகம். 1981-இல் இந்த ஆய்வு வெளியாயிற்று.

அறியாமைக் காலத்து அரபியர் பெண் சிசுக்களை உயிரோடு புதைத்ததை பயான்களில் கேட்டு நெஞ்சு பதறுகிறோம். மத்லபில் எவரும் எந்தப் பிள்ளையையும் புதைக்கவில்லை. மகனுக்கு வயிற்றால் போனபோது அன்றே படகேறியவர்கள், மகளுக்குப் போனபோது நாளை வரை பார்க்கலாம் என்று இருந்திருப்பார்கள். உடம்பில் நீர் வற்றிக்கொண்டிருக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் போதும். தாய்மார்களுக்கு அன்பில்லை என்று நான் சொல்லவில்லை. கணவனையும் மாமியாரையும் கேட்காமல் வாசலைத் தாண்ட முடியாத ஒரு பெண், மகளுக்காக எத்தனை முறை கேட்டிருக்க முடியும்?

தாயைப் பற்றியும் பதிவேடு ஒன்றைச் சொல்கிறது. 1982 முதல் 2005 வரை பிறந்து வளர்ந்த ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். தாய் உயிரோடு இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 89 பேர் பத்து வயதை எட்டினார்கள். பத்து வயதுக்குள் தாயை இழந்தவர்களில் எட்டியவர்கள் 24 பேர் மட்டுமே. இரண்டு முதல் ஐந்து மாதப் பருவத்தில் தாய் மவுத்தாகிவிட்டால், பிள்ளை இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 25 மடங்கு உயர்ந்தது. தந்தை மவுத்தானபோது அப்படிப்பட்ட வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. சம்பாதிப்பவன் போனால் குடும்பம் போயிற்று என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். கைக்குழந்தையின் கணக்கு வேறு. பிரசவத்தில் ஒரு பெண்ணைக் காப்பாற்றத் தவறினால், பின்னாலேயே இரண்டாவது ஜனாஸாவுக்கும் வழி திறந்துவிடுகிறது.

பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடை, தாயின் மிக இளம் வயது, தாய்க்கு எழுத்தறிவின்மை, முன்னரே ஒரு பிள்ளையை இழந்த வீடு, இவையெல்லாம் ஆபத்தின் அடையாளங்கள் என்பதைப் பலரும் அறிவர். பிள்ளைகளுக்கிடையே உள்ள இடைவெளி பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பிரசவத்துக்குப் பின் 24 மாதங்களாவது கழித்தே அடுத்த கருவுக்கு முயல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர்கள் 2005-இல் பரிந்துரைத்தார்கள். பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் குறிப்பிடுவதும் முழுமையான இரண்டு ஆண்டுகளையே. குடும்பக் கட்டுப்பாடு பற்றி நம்மவர்களிடையே உள்ள விவாதத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை. மடியிலிருக்கும் பிள்ளை பால் மறப்பதற்குள் தாய் மீண்டும் கருவுற்றால், மடியில் இருப்பதும் வயிற்றில் இருப்பதும் சேர்ந்தே மெலிகின்றன. அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

மெலிவை அறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளையின் மேற்கை நடுவில் அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்து, 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடும் ஆபத்து. தராசும் டாக்டரும் இல்லாத ஊரிலும் ஒரு நாடா இருக்க முடியும்.

இத்தனை கவலைக்கிடையே மகிழ்ச்சியான செய்தியும் உண்டு. 1980-இல் தொடங்கிப் பத்தாண்டுகள், பிராக் என்னும் அமைப்பின் பெண் ஊழியர்கள் வங்காளதேசத்தில் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் எடுத்த உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் நீரில் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தடுப்பூசியும் பெண் கல்வியும் உடன் வளர்ந்தன. 1990-இல் அந்நாட்டில் ஏறத்தாழ ஏழு பிள்ளைகளில் ஒன்று ஐந்து வயதுக்குள் இறந்தது. 2022-இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 30 என்ற அளவுக்கு அது இறங்கிவிட்டது. ஆண், பெண் பிள்ளைகளுக்கிடையே இருந்த அந்த வெட்கக்கேடான இடைவெளியும் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

நோய் குறையக் குறைய, அதுவரை கண்ணில் படாத ஒன்று வெளியே தெரிந்தது. ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளின் பெரும் எமனாக வீட்டை அடுத்த குளம் நின்றது. இப்படிப்பட்ட மரணங்களில் பெரும்பாலானவை காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையில் நிகழ்கின்றன என்று கண்டார்கள். தந்தை வயலில் இருக்கும் நேரம்; தாய் அடுப்படியில் இருக்கும் நேரம்; மூத்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றிருக்கும் நேரம். அந்த நேரத்தில் மட்டும் ஊரிலுள்ள ஒரு பெண்மணியின் வீட்டில் இருபதோ இருபத்தைந்தோ பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். இதற்குப் பெரிய கட்டடமோ மருந்தோ தேவைப்படவில்லை. உச்சிப்பொழுதில் தாய்மார்கள் சமையலை முடித்து, ஈரக்கையைத் துடைத்தபடி வந்து பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள்.