கூட்டாவணம்: கூட்டாக்கமா, கண்காணிப்பா?

பாடசாலைகளில் இணையவழிக் கூட்டாவணங்களைப் பயன்படுத்துவது பற்றி இன்று பேசுவோரிற் பலர் ஒரே வாதத்தையே திரும்பத் திரும்ப முன்வைக்கின்றனர். மாணவர் எப்போது எழுதினார், எதனை அழித்தார், எந்த வசனத்தை வேறிடத்திலிருந்து கொணர்ந்து ஒட்டினார் என்பன யாவும் ஆவணத்தின் திருத்த வரலாற்றிற் பதிவாகிவிடுகின்றன. எனவே ஆசிரியரை இனி எவரும் ஏமாற்ற முடியாது என்பதே அவ்வாதம். மறுக்கவொண்ணாத உண்மைபோல இது எடுத்துரைக்கப்படுகின்றது. கருவியொன்றின் மிகச் சிறந்த இயல்பை அதன் மிகக் கீழான பயனுக்கு ஆளாக்கும் இப்போக்கு, கல்விச் சீர்திருத்தம் என்னும் பெயரில் உலவுவதுதான் விசனத்துக்குரியது.

இக்கருவி காவற்காரனுக்காகப் பிறந்ததன்று. 1968 டிசெம்பரில் டக்ளஸ் எங்கெல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்த்திய செயல்விளக்கத்தில், அவரும் மென்லோ பார்க்கிலிருந்த அவருடைய சகபாடியும் ஒரே எழுத்துப் பரப்பைத் திரையிற் பகிர்ந்து பணிபுரிந்து காட்டினர். பலர் ஒரே கணத்தில் ஓர் ஆவணத்தில் எழுதும்போது எழும் முரண்பாட்டைத் தீர்க்கும் முறையொன்றை எல்லிஸ், கிப்ஸ் ஆகிய இருவரும் 1989இல் வெளியிட்டனர். 2005இல் ரைட்லி என்ற பெயரில் வந்த இணையச் சொற்செயலியை மறு ஆண்டிற் கூகுள் நிறுவனம் விலைக்கு வாங்கியது. அதிலிருந்து வளர்ந்ததே கூகுள் டொக்ஸ். 2010இல் அது புதுக்கி அமைக்கப்பட்டபின், ஒருவர் தட்டும் எழுத்து மற்றவரின் திரையில் அக்கணமே தோன்றலாயிற்று.

திருத்த வரலாறு எவ்வாறு உண்டாகின்றது என்பதை அறிந்துகொண்டால் அதன் இயல்பு தெளிவாகும். மாணவி ஒருத்தி பத்தியின் தொடக்கத்தில் 4 எழுத்துச் சொல்லொன்றைச் சேர்க்கிறாள் எனக் கொள்க. அதே கணத்தில் வேறொரு மாணவன் அப்பத்தியின் 20ஆம் இடத்து எழுத்தை அழிக்கிறான். அவளுடைய சொல் உட்புகுந்ததும் 20ஆம் இடம் 24ஆம் இடமாகிவிடும். இதனைக் கணக்கிலெடுத்து அழிக்கும் கட்டளையையும் நகர்த்தாவிடின் பிழையான எழுத்தே அழிந்துபோகும். (தமிழ் உயிர்மெய் ஒன்று கணினியில் இரண்டு குறியீடுகளாக எண்ணப்படும் இடங்களும் உண்டாதலின் உண்மைக் கணக்கு இதனினுஞ் சிக்கலானது.) எனவே யார், எவ்விடத்தில், எவ்வொழுங்கில், எதனைச் செய்தார் என்னும் நிரலின்றி இத்தகைய ஆவணம் இயங்காது. திருத்த வரலாறு அந்நிரலின் எச்சம். ஒருவரோடொருவர் மோதாது எழுதுவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு, ஒருவரை மற்றவர் வேவுபார்ப்பதற்கான ஏற்பாடாக விளங்கிக்கொள்ளப்பட்டுவிட்டது.

இம்மாற்றத்துக்கு நல்ல சான்றொன்று உண்டு. 2014இல் ஜேம்ஸ் சோமர்ஸ் என்ற எழுத்தாளர் ட்ராஃப்ட்பக் என்னுஞ் சிறு செயலியை ஆக்கினார். கூகுள் ஆவணமொன்று பிறந்து வளர்ந்த விதத்தை ஒரு திரைப்படம்போல எழுத்தெழுத்தாக ஓட்டிக் காட்டுவது அது. நல்ல எழுத்து எத்தனை அழிப்புக்களின் பின் உருவாகின்றதென்பதைக் காணவேண்டும் என்ற ஆவலே அதன் பின்னணி. 2022 நவம்பரிற் சட்ஜிபிடி வெளிவந்தபின், அதே செயலியும் அதனையொத்த பிறவும் கட்டுரை எழுதிய மாணவரைக் குறுக்குவிசாரணை செய்யும் கருவிகளாயின. எழுத்தாளன் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளச் செய்த கண்ணாடி சிறைக்கூடத்தின் சாளரமாயிற்று.

இலங்கைப் பாடசாலைகளுக்கு இவை வந்த சூழலையும் மறத்தலாகாது. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது பெரும்பாலான மாணவருக்குக் கிட்டியது கூட்டாவணமன்று, வட்ஸ்அப். கொப்பியில் எழுதிப் படம்பிடித்து அனுப்பினர். தந்தையோடு வேலைக்குச் சென்ற தொலைபேசி மாலையில் வீடு திரும்பிய பின்னரே பாடந் தொடங்கிய வீடுகள் பல. நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீடுகளுக்கு ஒன்றிலேயே அக்காலத்தில் மேசைக்கணினியோ மடிக்கணினியோ இருந்தது. தோட்டப்புறங்களில் அதனினுங் குறைவு. 2022இல் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அந்நிலையில், தாளின்றி எழுதும் வழி எதுவாயினும் அது வரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. வரத்தோடு வந்த நிபந்தனைகளை ஆராய எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

இனி, கண்காணிப்பாளரின் வாதத்தை அதன் தளத்திலேயே நோக்கலாம். திருத்த வரலாறு நேர்மைக்குச் சான்றாகுமா? விசைப்பலகையில் நிகழ்வது மட்டுமே அதிற் பதிவாகும். தலையிலும் தாளிலும் நிகழ்வன பதிவாகமாட்டா. மூன்று நாளாகக் கொப்பியில் எழுதியும் வெட்டியும் முடித்த கட்டுரையை, அண்ணனின் தொலைபேசி கிடைத்த அரைமணி நேரத்தில் ஒரே மூச்சாகத் தட்டி அனுப்புகிறாள் ஒரு மாணவி. அவளுடைய வரலாறு தடுமாற்றமோ திருத்தமோ இல்லாத நேர்கோடாகவே தோன்றும். இயந்திரம் ஆக்கித்தந்த கட்டுரையைப் பக்கத்துத் திரையில் வைத்துக்கொண்டு, இடையிடையே வேண்டுமென்றே பிழைவிட்டுத் திருத்தி, இரண்டு மணிநேரம் ஆறுதலாகப் பார்த்தெழுதும் மாணவனின் வரலாறோ உழைப்பின் ஓவியமாக விளங்கும். முன்னவள் ஐயத்துக்கு ஆளாவாள். பின்னவன் பாராட்டுப் பெறுவான். குற்றவாளியை விடுவித்து நிரபராதியைப் பிடிக்கும் சான்று சான்றாகாது.

தமிழில் எழுதுவோர் விடயத்தில் இவ்வநீதி பின்னுங் கூடுகின்றது. இலங்கையிற் தமிழ்த் தட்டச்சுப் பழகியோரிற் பலர் பாமினி எழுத்துருவிலே பழகியவர்கள். அது யூனிகோட் முறைக்கு உட்பட்டதன்று. கூட்டாவணத்தில் அப்படியே கொணர்ந்து வைத்தால் ஆங்கில எழுத்துக்களின் சிதறலே கண்ணிற்படும். ஆகவே வேறிடத்திற் தட்டி, எழுத்துரு மாற்றியொன்றின் வழியாக யூனிகோட்டாக்கி, முழுவதையும் ஒருசேர ஒட்டுகின்றனர். வேறு சிலர் தொலைபேசியிற் பேசி எழுத்தாக்குவர். அப்போது சொற்கள் திரள்திரளாக வந்து விழும். இவையனைத்தும் வரலாற்றில் வெளியிலிருந்து வந்த சரக்காகவே காட்சிதரும். சொந்த மடிக்கணினியில் நேரடியாகத் தட்டிப் பழகிய, பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகின்ற, வசதிபடைத்த மாணவரின் பழக்கமே இங்கு நேர்மையின் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. அளவுகோல் யாருடைய உயரத்துக்கு வெட்டப்பட்டது என்ற வினாவை எழுப்பாமல், பிறரை அதனால் அளக்கத் தொடங்குவது ஆராய்ச்சி மனப்பாங்குக்கு ஒவ்வாத செயல்.

குழுவேலையிலும் நிலைமை இதுவே. ஐவர் சேர்ந்தெழுதும் ஆவணத்தில் யார் எவ்வளவு எழுதினார் என்பதை வரலாற்றைக் கொண்டு கணித்துப் புள்ளி பகிரலாம் என்கின்றனர். தட்டச்சு வேகமுடையவர் அங்கே பேனாவைப் பறித்துக்கொள்கிறார். தொலைபேசியின் சிறு திரையில் ஆவணத்தைத் திறந்தவர் பார்வையாளராகிவிடுகிறார். ‘இவ்வாதம் முதற் பத்திக்கு முரணானது, இதனை விட்டுவிடுவோம்’ எனச் சொல்லிக் கட்டுரையைக் காப்பாற்றியவரின் பங்கு எழுத்துக் கணக்கிற் சூனியம். புள்ளி எழுத்தெண்ணிக்கைக்கே என்று தெரிந்தவுடன் மாணவர் செய்வது யாது? ஆளுக்கொரு பத்தியாகக் கட்டுரையைக் கூறுபோட்டுக்கொண்டு, அடுத்தவர் பத்தியை வாசியாமலே ஒப்படைக்கின்றனர். கூட்டாக்கத்தைப் பயிற்றவந்த கருவி, வேலியடித்துக் காணி பிரிக்கும் வேலையைப் பயிற்றுகின்றது.

இவற்றுக்கெல்லாம் அடியில் மேலும் பெரியதொரு விடயம் உண்டு. பிழையாக எழுதுவதற்கும் எழுதியதைப் பிறரறியாமல் அழிப்பதற்கும் கற்பவருக்குள்ள உரிமையே அது. ஒரு தலைமுறைக்கு முன் சிலேட்டில் எழுதிய பிள்ளைக்கு அவ்வுரிமை இயல்பாகவே இருந்தது. ஈரத் துணியொன்று போதுமாயிருந்தது. தமிழ் மரபு அவையை நன்கு போற்றிய மரபு. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய செய்தியைச் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. வினாவும் தடையும் விடையும் அவையிலே நிகழ்ந்தன. ஆயின் அவைக்கு வந்தது முடிந்த நூல். ஆசிரியன் எந்தச் சூத்திரத்தை எத்தனைமுறை மாற்றினான், எவ்விரவில் எதனைக் கிழித்தெறிந்தான் என்று அவை கேட்டதாக மரபு கூறவில்லை. அரங்கேற்றத்தை முதற் கீறலுக்கே கொண்டுசெல்லும் வகுப்பறையில் எழுதும் பிள்ளை, தவறாத வசனத்தையே தேடும். துணிந்து ஒன்றைச் சொல்லிப் பார்க்காது. திரையிலே தன் பெயர் தாங்கிய வண்ணச் சுட்டியின் அருகில் ஆசிரியரின் சுட்டியும் துடித்துக்கொண்டிருக்கையில் எவருக்குத்தான் சிந்தனை ஓடும்?

பாடபேதங்களை ஒப்புநோக்கியே தமிழ் நூல்கள் பல மீட்கப்பட்டன என்பதை நினைவூட்டி, வரைவுகளை ஆராய்வதில் என்ன தவறு என்று சிலர் கேட்கலாம். 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏடுகளை ஒப்பிட்டது நூலை மீட்பதற்காக. ஏடெழுதியவனைக் கூண்டில் ஏற்றுவது அவர்களின் நோக்கமாக இருக்கவில்லை. நோக்கம் மாறும்போது செயலின் பண்பும் மாறும்.

‘நேர்மையான மாணவர் எதற்கு அஞ்சவேண்டும்?’ என்பது இறுதியாக எடுத்துவீசப்படும் வினா. அதிகாரமுள்ள இடங்களிலெல்லாம் கேட்டுப் பழகிய வினாதான். கேட்பவர்கள் தம் விரிவுரைக் குறிப்புக்களின் திருத்த வரலாற்றை மாணவர் முன் திறந்துவைக்க முன்வருவார்களாயின் அவ்வினாவுக்குச் சிறிது மதிப்பு உண்டாகும்.

பதிவுகள் எங்கே தங்குகின்றன என்பதும் கவனிக்கற்பாலது. டென்மார்க்கின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை, ஹெல்சிங்கோர் மாநகரப் பாடசாலைகளிற் கூகுளின் கல்விச் சேவைகளைப் பயன்படுத்துவதை 2022 யூலையிற் தடைசெய்தது. அத்தடை பின்னர் இடைநிறுத்தப்பட்டதாயினும், 2024 ஜனவரியில் 53 மாநகரங்கள் மாணவர் தரவு தொடர்பான தம் நடைமுறையைச் சட்டத்துக்கு இயைபாக்குமாறு பணிக்கப்பட்டன. இலங்கையிலும் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பிள்ளைகள் பற்றிய தரவை அது விசேட வகையுள் அடக்குகின்றது. ஆனால் மாணவரின் கணக்கைப் பாடசாலை நிருவாகி எப்போதும் மூடிவிடலாம் என்பதையும், அதனோடு ஐந்தாறு ஆண்டுக் கட்டுரைகளும் மறையக்கூடும் என்பதையும் பெற்றோரிடம் விளக்கிய பின்னர் ஒப்புதல் வாங்கும் பாடசாலைகள் எத்தனை?

கருவியையே ஒதுக்கிவிடலாம் என்னும் மறுதரப்பாரின் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. க.பொ.த. பரீட்சை கையாலே எழுதப்படுகின்றது, ஆகவே இது வீண்வேலை என்பர். மூன்று மணிநேரத்தில் எழுதி முடித்துத் திரும்பிப் பாராமல் எழுந்துவரும் பழக்கத்தையே அப்பரீட்சை ஊட்டியுள்ளது. எழுதியதைத் திருத்துதல் என்பதைப் பாடசாலை ஒருபோதுங் கற்பித்ததில்லை. சிவப்பு மையாற் சுழித்துத் திருப்பிக் கொடுத்ததோடு அதன் கடமை முடிந்தது. அக்குறையை நிரப்பக்கூடிய வலு கூட்டாவணத்துக்கு உண்டு. ஆசிரியர் தாம் எழுதிய பத்தியொன்றின் வரலாற்றைத் திரையில் ஓட்டி, முதல் வசனத்தை ஏன் நீக்கினார், இரண்டாவதை ஏன் முன்னுக்குக் கொணர்ந்தார் என விளக்கலாம். மாணவர் ஒருவருக்கொருவர் ஆலோசனை முறையிற் திருத்தம் எழுதலாம். அம்முறையிற் செய்த திருத்தத்தை ஏற்பதும் தள்ளுவதும் எழுதியவரின் கையில் உள்ளன. தள்ளியதற்கு ஒரு வரியிற் காரணம் எழுதச்செய்தால், அவ்வொரு வரியே கட்டுரையினும் பெறுமதியுடைய பயிற்சியாகும்.

மாணவர் தாமே எழுதினாரா என அறியவேண்டுமாயின் அவரோடு பேசுவதே நேரிய வழி. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் அதற்கு நேரமேது என்கின்றனர். நாற்பது திரைப்படங்களை இருந்து பார்ப்பதற்கு அவர்களுக்கு நேரம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பேசும்போது வரலாற்றைத் திறப்பதாயின் திறப்பவர் மாணவராகவே இருத்தல் வேண்டும். எவ்வரைவைக் காட்டுவது, எதனை விடுவது என்பதும் அவருடைய தீர்மானமே. இதற்குப் புதிய சட்டமோ சுற்றுநிருபமோ தேவையில்லை. வரைவைத் தம் ஆவணத்தில் வைத்துக்கொண்டு, முடிந்ததன் படியொன்றை எடுத்து மாணவர் ஒப்படைக்கலாம். படியோடு பழைய வரலாறு செல்வதில்லை. இவ்வழியை முதற் பாடத்திலேயே கற்பித்திருக்கவேண்டிய ஆசிரியர்கள், அவ்வாறு வந்த கட்டுரைகளை வரலாறற்றவை எனத் திருப்பியனுப்பிக்கொண்டிருக்கின்றனர்.