நிற்கும் கால்களுக்காக



இந்தப் பக்கத்தைப் படித்தபடியே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு கையைச் சற்று நேரம் தொங்கவிடுங்கள். புறங்கையில் பச்சையாய்ப் புடைத்துவரும் சிரைகளில் நேராக ஓடும் ஒன்றை, விரல்களுக்குப் பக்கத்தில் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் அந்தச் சிரையை மணிக்கட்டு நோக்கி வழித்துவிட்டு, வழித்த விரலை மட்டும் எடுங்கள். வழியில் ரத்தத்தை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு இருந்தால், மேலே போன ரத்தம் திரும்பாது. சிரை தட்டையாகவே கிடக்கும். அழுத்திய விரலையும் எடுத்தால் சட்டென்று நிரம்பிவிடும். முதல் சிரையில் சரியாகத் தெரியாவிட்டால் வேறொன்றில் பாருங்கள்.

ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் பிராங்பர்ட்டில் அச்சான தன் நூலில், முன்கையை வைத்து இதைத்தான் படம் போட்டுக் காட்டினார். உணவிலிருந்து கல்லீரல் புது ரத்தத்தை உண்டாக்குகிறது, உடம்பு அதை உறிஞ்சித் தீர்க்கிறது என்று பண்டைய மருத்துவர் காலென் காலத்திலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். ஹார்வி கணக்குப் போட்டார். அரை மணி நேரத்தில் இதயம் வெளியே தள்ளும் ரத்தம், உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகம். அவ்வளவையும் எந்தச் சாப்பாட்டாலும் ஈடுகட்ட முடியாது. அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வரவேண்டும். தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படித் தாவுகிறது என்பதை மட்டும் அவர் கடைசிவரை பார்க்கவில்லை. அவர் இறந்து 4 ஆண்டுகள் கழித்து, 1661இல், தவளையின் நுரையீரலில், தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை நுண்ணோக்கி வழியே கண்டவர் இத்தாலியின் மல்பீகி. கண்ணால் காணாத ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று கணக்கை நம்பிச் சொன்ன ஹார்வியின் துணிவை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அந்த வால்வுகளுக்கு மிகக் கடினமான வேலை கால்களில்தான். பாதத்துக்குப் போன ரத்தம் ஒரு மீட்டருக்கும் மேல் ஏறி இதயத்துக்குத் திரும்ப வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. வால்வு அதை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அசையாமல் நின்றால் தள்ளிவிட ஆளில்லை. ரத்தம் கீழே தேங்கி, சிரைச் சுவர் விரிந்து, வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் போகின்றன. நாம் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று சொல்லும் வெரிகோஸ் வெயின் இப்படித்தான் முற்றுகிறது. பரம்பரையும் பிரசவங்களும் அதற்குத் துணை போகும். முற்றினால் கணுக்காலருகே எளிதில் ஆறாத புண் வரும்.

துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நிற்கும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார விடமாட்டார்கள். கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கட்டாயமாக்கின. நல்ல சட்டம், மிகத் தாமதமாக வந்த சட்டம். அரைமணிக்கு ஒருமுறை உட்காருவதும், நாலு எட்டு நடப்பதும், குதிகாலைத் தூக்கி இறக்குவதும் ஒரு பெண்ணின் கால்களைப் பல ஆண்டுகளுக்குக் காக்கும். அதற்கு ஒரு முக்காலிதான் செலவு.

ஆடித் தள்ளுபடிக்குக் கடைக்குப் போகும்போது, கவுன்டருக்குப் பின்னால் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் அவர் காதில் விழும். கடையில் வேலை செய்யும் தங்கைகளே, உங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமலே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்